நேசமணி வாசித்த இரண்டு கவர்கள்

தொகையை வாசிக்கக் கூடாது, காரணத்தை மட்டும் வாசித்தால் போதும் என்று சபைக் கமிட்டி தீர்மானம் போட்டு எட்டு வருஷம் ஆகிறது. அதற்கு முன்னால் யார் எவ்வளவு காணிக்கை போட்டார்கள் என்பதும் சேர்ந்தே மைக்கில் போகும். அதனால் வந்த மனத்தாங்கல்களைத் தீர்த்துவைக்கவே ஆயருக்குப் பாதி வாரம் போய்விடும். இப்போது அந்தத் தொந்தரவு இல்லை. மகனுக்குத் துபாய் விசா வந்ததா, மருமகளுக்குச் சுகப்பிரசவமா, மாடு கன்று போட்டதா, எதுவானாலும் ஒரு வெள்ளைக் கவரில் காணிக்கையைப் போட்டு, மேலே எழுதிச் செயலாளர் நேசமணியிடம் கொடுத்துவிட வேண்டியதுதான். ஞாயிறு ஆராதனையில் அறிவிப்புகள் முடிந்ததும் அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிப்பார். குலசேகரம் வட்டாரத்தில் ஊர்நடப்பு தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது. காரணத்தை வாசித்ததால் இதுவரை ஒருவருக்கும் மனத்தாங்கல் வந்ததில்லை என்று கமிட்டியாருக்குப் பெருமை. அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் அது உண்மையாகவும் இருந்தது.

அன்றைக்கு பெமிலா பெண்கள் பக்கம் ஐந்தாவது வரிசையில், அம்மா தேவகனிக்குப் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். மூன்று நாளாக அரித்துக்கொண்டிருந்த விஷயம் முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிந்துபோயிருந்தது. கொச்சிக் கம்பெனி கூப்பிட்டுக் கொடுத்த வேலையை வேண்டாம் என்று எழுதி அனுப்பிவிட்டாள். அம்மாவிடம்தான் இன்னும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போய், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் உள்ளே போனபிறகு, அம்மா கொஞ்சம் கண்ணயர்ந்து எழுந்த நேரம் பார்த்துப் பைய சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள். தேவகனிக்கு வயிறு காலியாக இருக்கும்போது எதையும் சொல்லக் கூடாது. அது அந்த வீட்டுச் சட்டம்.

பெமிலா வேலை பார்ப்பது ஜெயசிங்கின் ரப்பர் கம்பெனியில். கம்பெனி என்று சொன்னால் பெரிதாக ஏதோ நினைத்துக்கொள்ள வேண்டாம். பேச்சிப்பாறை போகிற ரோட்டில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட், இரண்டு மெஷின், பதினோரு ஆட்கள், குளித்தாலும் போகாத அமோனியா நாற்றம். தோட்டக்காரர்கள் கேனில் கொண்டுவரும் ரப்பர் பாலைச் சுத்தம் செய்து, தண்ணீரைக் குறைத்து, கையுறை செய்கிறவர்களுக்கும் பலூன் செய்கிறவர்களுக்கும் அனுப்புவார்கள். வருகிற பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு தண்ணீர் என்று பரிசோதித்துச் சொல்வது பெமிலா. ஒரு கரண்டிப் பாலில் ஆசிட் விட்டு உறையவைத்து, அழுத்தி, அடுப்பில் காயவைத்து, எடை போட்டுச் சொல்வாள். நாகர்கோவிலில் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வந்து ஆறு வருஷமாக இதைச் செய்கிறாள்.

இது மட்டுமா செய்தாள்? லாரிக்காரனிடம் சண்டை போடுவதும் அவள்தான், ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கப் போவதும் அவள்தான். பால் கொண்டுவருகிறவர்கள் வேறு இடத்தில், விலையை முடிவுசெய்கிற அந்தச் சதவீதத்துக்காகக் குரலை உயர்த்துவார்கள். இங்கே மட்டும், "பெமிலா பிள்ளை போட்டதா? அப்பம் செரி" என்று கேனைக் கழுவிக்கொண்டு போய்விடுவார்கள். ஜெயசிங்குக்கு அதில் ஒரே பூரிப்பு. வாரத்துக்கு ஒருமுறையாவது யாராவது நாலு பேர் இருக்கும்போது சொல்லுவார்.

"பெமிலா போனாண்ணா அன்னைக்கே ஷெட்டப் பூட்டி, சாவியக் கோதையாத்துல எறிஞ்சிருவேன், கேட்டியளா."

எல்லோரும் சிரிப்பார்கள். பெமிலாவும் சிரிப்பாள். ஆனால் அவள் அதை நம்பினாள். அதுதான் அவள் செய்த தப்பு என்றால், தப்புதான்.

இரண்டு மாதமாகக் கொச்சியிலிருந்து ஒரு பெரிய கம்பெனியின் ஆட்கள் ஷெட்டுக்கு வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். மூன்று முறை வந்தார்கள். தலையில் வெள்ளைத் தொப்பி, கையில் அட்டை, எதைப் பார்த்தாலும் ஒரு போட்டோ. "பெரிய ஆர்டர் ஒண்ணு வரும்போல இருக்கு" என்று ஜெயசிங் சொன்னார். அவர்கள் பெமிலாவின் பரிசோதனை நோட்டை அரைமணி நேரம் புரட்டினார்கள். பிறகு அந்தக் கம்பெனியிலிருந்து லிஜி என்ற ஒரு பெண் பெமிலாவிடம் போனில் இரண்டுமுறை பேசினாள். வியாழக்கிழமை வேலைக்கான கடிதமே வந்துவிட்டது. கொச்சியில் நாலாயிரம் பேர் வேலை செய்யும் இடம். கான்டீன், ஹாஸ்டல், காப்பீடு, கழுத்தில் தொங்கவிட அடையாள அட்டை எல்லாம் உண்டு. ஆர்டர் தருகிறேன் என்று வந்தவர்கள் ஆளைத் தூக்கப் பார்க்கிறார்களே என்று பெமிலாவுக்குத் திக்கென்றது. வெள்ளிக்கிழமை முழுவதும் ஜெயசிங்கின் முகத்தைப் பார்க்க முடியாமல், திருடிவிட்டு நிற்கிறவளைப் போல நின்றாள்.

தேவகனிக்கு அப்படிப்பட்ட சங்கடம் எதுவும் இல்லை.

"ஏட்டி, இதுல யோசிக்க என்ன கெடக்கு? ஜெயசிங்குக்கு ஒரு நெஞ்சுவலி வந்தா உனக்குச் சோலி போவும். அங்கன நாலாயிரம் பேருல்லா. யாருக்கு நெஞ்சுவலி வந்தாலும் கம்பெனி ஓடும்."

"யோசிச்சுச் சொல்லுகேன்மா."

"யோசி, யோசி. ஆனா போயிரு."

யோசித்தாள். கொச்சியில் அவளுக்கு ஒரே ஒரு பரிசோதனைதான், அதையே நாள் முழுக்கச் செய்ய வேண்டும் என்று லிஜி சொல்லியிருந்தாள். அதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. நாலு வருஷத்துக்கு முன் அப்பாவுக்கு நெஞ்சைப் பிடித்தபோது, பால் ஏற்றுகிற வண்டியில் கேன்களை இறக்கிவிட்டு அப்பாவைக் கிடத்தி, நெய்யூர் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனவர் ஜெயசிங். மூன்று நாள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாலாவது நாள் அப்பாவின் உடலை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அதே வண்டியில்தான். அந்த மனிதர் ஷெட்டைப் பூட்டிவிட்டு நிற்பதை நினைத்துப் பார்க்கவே பெமிலாவால் முடியவில்லை. பூட்டினால் மற்ற பத்துப் பேர் எங்கே போவார்கள்? தொட்டி கழுவுகிற ராஜபாய் எங்கே போவாள்? புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு, அந்தத் தொட்டிகளைக் கழுவித்தான் மகளை நர்சிங் படிக்கவைத்துக்கொண்டிருக்கிறாள். இப்படியெல்லாம் நினைத்து நினைத்து, சனிக்கிழமை சாயங்காலம் பெமிலா மெயிலை அனுப்பிவிட்டாள். அரைமணி நேரத்தில் பதிலும் வந்தது. உங்கள் முடிவை மதிக்கிறோம், வாழ்த்துகள் என்று இரண்டு வரி. அப்பாடா என்றிருந்தது. அன்றைக்கு ஜெயசிங் ஊரில் இல்லை. திருவனந்தபுரத்தில் ஒரு சோலி என்று காலையிலேயே கிளம்பிப் போயிருந்தார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை அவள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் ஜெயசிங்கின் வழுக்கைத் தலை தெரிந்தது. முன்வரிசையில் ராஜபாயின் கொண்டை தெரிந்தது. நேசமணி கண்ணாடியை இறக்கினார். முதல் கவர் யாருக்கோ கண் ஆபரேஷன் சுகமானதற்கு. இரண்டாவதை எடுத்தார்.

"நம் சபையைச் சேர்ந்த திருமதி தேவகனி அம்மாள், தன் மகள் பெமிலாவுக்குக் கொச்சியில் பெரிய கம்பெனியில் நல்ல வேலை கொடுத்த தேவனுக்கு நன்றியாக, ஸ்தோத்திரக் காணிக்கை."

பெமிலாவுக்குக் காது அடைத்துக்கொண்டது. தன் பெயர் மைக்கில் வந்ததா, மனசுக்குள் வந்ததா என்று ஒரு கணம் தெரியவில்லை. முன்வரிசைப் பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பிச் சிரித்ததைப் பார்த்தபோது மைக்கில்தான் வந்திருக்கிறது என்று புரிந்தது. ராஜபாயும் திரும்பினாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபடி பெமிலாவையே பார்த்தாள்.

"யாரக் கேட்டும்மா எழுதிக் குடுத்தே?" பெமிலா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"தேவனுக்கு நன்றி சொல்ல ஒன்னையக் கேக்கணுமாட்டி? நேத்து பெண்கள் சங்கத்துக்குப் போனப்பமே நேசமணிட்ட குடுத்துட்டேன்."

"நா இன்னும் போறேன்னே சொல்லல்லியேம்மா."

"போவமாட்டேன்னும் சொல்லல்லியே."

பெமிலாவுக்கு அவமானத்தில் முகம் கொதித்தது. ஆறு வருஷம் சோறு போட்ட மனிதர், தன் ஆள் போகிற செய்தியை மைக்கில் கேட்டுத் தெரிந்துகொள்வதா? சபை நடுவில் எழுந்து நின்று பொய், பொய் என்று கத்தலாமா என்றுகூடத் தோன்றியது. வேறு வழி தெரியாமல் ஜெயசிங்கின் பக்கம் பார்த்தாள். அவரும் திரும்பியிருந்தார். அவர் முகத்தில் கோபமோ அதிர்ச்சியோ இல்லை. பெமிலாவைப் பார்த்து வாய்நிறையச் சிரித்தார். தலையைக்கூட ஆட்டினார், நல்லது மக்கா என்கிற மாதிரி.

அது என்ன சிரிப்பு என்று அவளுக்கு விளங்கவில்லை. விளங்குவதற்குள் நேசமணி மூன்றாவது கவரைக் கையில் எடுத்திருந்தார்.

"திரு. ஜெயசிங் அவர்கள், பத்தொன்பது வருஷம் தன் கம்பெனியை நடத்த உதவி செய்ததற்காகவும்..." நேசமணி நிறுத்தினார். கண்ணாடியைச் சரிசெய்தார். கவரை வெளிச்சத்தில் பிடித்தார். "அதை நேற்றைய தினம் கொச்சிக் கம்பெனிக்கு நல்லபடியாக விற்று முடிக்கக் கிருபை செய்ததற்காகவும், தேவனுக்கு நன்றியாக, ஸ்தோத்திரக் காணிக்கை."

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு முணுமுணுப்புக் கிளம்பிப் பெண்கள் பக்கம் வந்து சேர்ந்தது. ராஜபாய் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். பெமிலா பாட்டுப் புத்தகத்தைக் கீழே வைத்தாள், உடனே மறுபடி எடுத்தாள். விற்றுவிட்டாரா? அந்த ஷெட்டையா? அவர் பூட்டக் கூடாது என்பதற்காகத்தானே அவள் கொச்சியை வேண்டாமென்றாள்! அதுவும் அதே நேற்றைக்கு!

அதற்குப் பிறகு ஆயர் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் பெமிலாவுக்குச் சொல்லத் தெரியாது.

ஆராதனை முடிந்ததும் வெளியே பலாமரத்தடியில் ஜெயசிங்கைச் சுற்றி அவருடைய ஆட்களில் மூன்று நாலு பேர் கூடிவிட்டார்கள். ராஜபாய் அழுதுகொண்டிருந்தாள். ஜெயசிங் ஒவ்வொருவர் தோளையும் தொட்டுத் தொட்டு ஏதோ விளக்கினார். பேசப் பேச ராஜபாயின் அழுகை நின்றது. பெமிலா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். கம்பெனியில் அவரை சார் என்றும், ஆலய வளாகத்தில் மட்டும் மாமா என்றும் கூப்பிடுவது அவள் வழக்கம். அன்றைக்கு எதைக் கூப்பிடுவது என்று வாய்க்குத் தெரியவில்லை.

"கொஞ்சம் இங்கன வாங்க" என்றாள்.

ஜெயசிங் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் இன்னும் அந்தச் சிரிப்பு இருந்தது.

"கோவமா மக்கா? பத்திரத்துல ஒப்பு வைக்கதுக்கு முன்ன யார்ட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு கொச்சிக்காரனுவ எழுதி வாங்கிட்டானுவ. எனக்கு நெஞ்சுல ரெண்டு அடைப்பு. பைபாஸ் பண்ணணும்னு டாக்டர் பறஞ்சாச்சு. இனி இந்தச் சோலி எனக்கு முடியாது."

"சாவியக் கோதையாத்துல எறிவேன்னு சொன்னியளே."

"அது நாலு பேரு முன்ன சும்மா பெருமைக்குச் சொல்லுகதுல்லா." ஜெயசிங் குரலைத் தாழ்த்தினார். "நீ போவணும்னுதான் நானே ஏற்பாடு பண்ணினேன். லிஜி உன்ன எப்படிக் கூப்பிட்டாண்ணு நெனைக்கே? ஷெட்டுல ஆறு பேர மட்டும்தான் வச்சுக்கிடுவோம், யாருன்னு நீங்க சொல்லுங்கன்னானுவ. நா சொன்னேன், ஆறு பேரு செரி, ஆனா எங்க கெமிஸ்டுப் பிள்ளைய கொச்சியில எடுத்தாத்தான் ஒப்பு வைப்பேன்னு. ஒன்னையப் பாத்துக்கிடுதேன்னு ஒன் அப்பன்ட்ட சொன்ன ஒண்ணு பாக்கி கெடந்தது. அது தீந்துது."

பெமிலா பலாமரத்தடியில் நின்ற ராஜபாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஆறாவது ஆளா ஒன் பேருதான் மொதல்ல இருந்துது" என்று அவர் தொடர்ந்தார். "நீதான் கொச்சிக்குப் போறியே, அதனால அதுல ராஜபாயச் சேத்தேன். இப்பம்தான் அவட்ட சொன்னேன். பாவம், அழுதுட்டா."

"மாமா" என்றாள் பெமிலா. "நா வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"எத?"

"கொச்சிய. நேத்து அஞ்சு மணிக்கு."

ஜெயசிங்கின் சிரிப்பு அப்படியே நின்றது. காரின் கதவைப் பிடித்துக்கொண்டார். "எதுக்குட்டி?"

"நா போனா நீங்க பூட்டிருவியன்னு."

அவர் காரின் மேல் சாய்ந்துவிட்டார். நெஞ்சில் அடைப்பு இருக்கிறது என்று இப்போதுதானே சொன்னார் என்று பெமிலாவுக்குப் பயமாகிவிட்டது. ஆனால் அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, லிஜியைக் கூப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்கவில்லை. இரண்டாவது தடவையில் லிஜி எடுத்தாள். அவர் ஸ்பீக்கரில் போட்டார்.

"அந்தப் பெண்ணு வேண்டாம்னு சொன்னதுல்லே சாரே?" லிஜியின் குரல் தூக்கக் கலக்கத்தில் இருந்தது. "நேத்து அஞ்சரைக்கே அடுத்த ஆளுக்கு லெட்டர் போயி. அவங்க ஓகேயும் சொல்லியாச்சு. இனி ஒண்ணும் செய்ய முடியாது. சாரி கேட்டோ."

போன் அணைந்தது. ஜெயசிங் அவசர அவசரமாகப் பேசினார்.

"வெப்ராளப்படாத, பயப்படாத. ஒண்ணும் கெட்டுப்போகல்ல. ஆறு பேரு லிஸ்ட நாளைக்குக் காலைல பத்து மணிக்குத்தான் குடுக்கணும். ராஜபாய் பேர எடுத்துட்டு ஒன் பேரப் போட்டிருதேன். ராஜபாய்ட்ட நா சொல்லிக்கிடுதேன். இப்பமே சொல்லிருதேன்."

பெமிலாவுக்கு, வெட்கத்தைவிட்டுச் சொன்னால், சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஏன் வராது? அது அவளுடைய இடம். முதலில் அவள் பெயர்தான் இருந்தது என்று அவரே சொல்கிறார். வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான். பெரிய கம்பெனியும் இல்லை, சின்னக் கம்பெனியும் இல்லை என்று நாளைக்குக் காலையில் எழுந்து எங்கே போவாள்? அவள் தலையாட்டுவதற்கு இருந்தாள். அதற்குள் பின்னாலிருந்து ராஜபாய் வந்துவிட்டாள். கூடவே தேவகனியும் வந்தாள், ஊர்ப்பெண்களிடம் வாங்கிய வாழ்த்தெல்லாம் முகத்தில் தெரிய.

ராஜபாய் பெமிலாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அமோனியாவில் வெடித்துச் சொரசொரத்துப்போன கைகள்.

"நா ஒன்னையத் தப்பா நெனச்சிட்டேன் மக்கா. சர்ச்சுல வச்சு வாசிச்சப்பம் எனக்கு வயிறு எரிஞ்சுது. பெரிய எடம் கெடச்சதும் எங்கள விட்டுட்டுப் போறாளேன்னு நெனச்சேன். மொதலாளி இப்பம் சொன்னாரு, நீ கொச்சிக்குப் போறதுனாலதான் எனக்கு இந்தச் சோலி நெலச்சுதுன்னு. மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேன், படிப்ப நிறுத்தாண்டாம்னு. அவ ஒனக்கு ஸ்தோத்திரம் சொல்லச் சொன்னா."

ஜெயசிங் தொண்டையைச் செருமினார். "ராஜபாய், ஒரு காரியம்..."

பெமிலா அவரைப் பார்த்தாள். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. சொல்லத் தெம்பில்லாமல், சொல்லித்தான் ஆகவேண்டும் என்று நின்றார்.

"ஆமாக்கா" என்றாள் பெமிலா. "நா கொச்சிக்குத்தான் போறேன்."

சொன்ன பிறகுதான் தன் குரலைத் தானே கேட்டாள். ஜெயசிங் விறைத்துப்போய் நின்றார்.

"எப்பம்ட்டி சேரணும்?" தேவகனி கேட்டாள்.

"ஒண்ணாந் தேதி."

"பாத்தியளா" என்று தேவகனி ராஜபாயிடம் திரும்பினாள். "மூணு நாளா கேக்கேன், யோசிச்சுச் சொல்லுகேன் யோசிச்சுச் சொல்லுகேன்னா. இன்னைக்குத்தான் வாயத் தொறந்து சொல்லுகா."

அப்போது நேசமணி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார். ஸ்தோத்திரக் கவர் கொடுத்தவர்களுக்கு ஆயர் தனியாக ஜெபம் பண்ணிவிடுவது அந்தச் சபையில் வழக்கம். புது வேலை, புது வீடு, கல்யாணம் என்றால் கட்டாயம் உண்டு.

"தேவகனியம்மா, மகளையும் கூட்டிட்டு வாங்க. ஜெயசிங், நீங்களும் வாங்க. ஆயருக்கு அடுத்த சர்ச்சுக்குப் போவணும்."

மூன்று பேரும் பலிபீடத்தின் முன் முழங்காலிட்டார்கள். நடுவில் பெமிலா, ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் ஜெயசிங். ஆயர் பெமிலாவின் தலையில் கை வைத்தார். இந்த மகளுக்கு நீர் கொடுத்த பெரிய வேலைக்காக உமக்கு ஸ்தோத்திரம், புதிய இடத்தில் அவள் போக்கையும் வரத்தையும் காத்தருளும் என்று ஜெபித்தார். பெமிலாவுக்குக் கண்ணை மூட முடியவில்லை. சிவப்புக் கம்பளத்தில் ஒரு நூல் பிரிந்து கிடந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆயர் முடித்தார். தேவகனி உரக்க ஆமென் சொன்னாள். பெமிலாவும் சொன்னாள். ஜெயசிங் மட்டும் சொல்லவில்லை. ஆயர் எழுந்து போன பிறகும் அவர் முழங்காலிலேயே இருந்தார்.